மல்மல் குர்தாவில் பூவைப் பார்க்கும் முன் துணியைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: "ஜெய்ப்பூர் கை அச்சு, சுத்த மல்மல் என்று சொல்லி ஒரு குர்தா வாங்கினேன். நீல நிறத்தில் வெள்ளைப் பூ. சென்னை வெயிலுக்கு இதைவிட நல்லது இல்லை என்றார்கள். முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது. கேட்டால், கை அச்சு என்றால் சாயம் போகத்தான் செய்யும் என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

சாயம் போனதை மட்டும் வைத்து நீங்கள் ஏமாந்தீர்களா என்று சொல்ல முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு. அச்சைக் கையால் வைத்தார்களா, மெஷினில் ஓட்டினார்களா என்பதற்கும் சாயம் நிற்பதற்கும் சம்பந்தமே கிடையாது. என்ன சாயம், அதைத் துணியில் எப்படி நிறுத்தினார்கள், அப்புறம் எவ்வளவு அலசினார்கள் என்பதுதான் விஷயம். கொஞ்ச காலம் துணி வாங்கி விற்ற அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் குர்தா வாங்குகிற எல்லோரும் முதலில் பூவைப் பார்க்கிறார்கள். கோடையில் உங்களைக் காப்பாற்றப் போவது பூ இல்லை, அதற்கு அடியில் இருக்கும் துணி.

நெசவுக்காரர்கள் நூல் எவ்வளவு மெல்லிசு என்பதை நம்பரால் சொல்வார்கள். 840 கஜம் நூல் ஒரு சிட்டம். எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். 100ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில், அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைந்த எடையில், 84,000 கஜம். கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை இழுத்துக் கட்டிவிடலாம். இன்று மல்மல் என்று விற்பது பெரும்பாலும் 80, 100ஆம் நம்பர் நூலில் கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்த துணி. கேம்ப்ரிக் என்று சொல்வது 60ஆம் நம்பர் பக்கம். அது இன்னும் நெருக்கமாக, கனமாக இருக்கும். கடையில் நம்பர் யாரும் சொல்ல மாட்டார்கள். துணியை ஒற்றை மடிப்பாக விரித்து அடியில் உள்ளங்கையை வையுங்கள். ரேகை தெரிந்தால் மல்மல், கையின் நிழல் மட்டும் தெரிந்தால் கேம்ப்ரிக். பரிசோதனைச்சாலைக்கு இது போதாது, கடைக்குப் போதும்.

பருத்தி ஏன் என்பது தெரிந்த கதைதான், ஆனாலும் எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். நன்றாக உலர்ந்த 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. அதனால் அதில் வேர்வை துணிக்குள் போகாமல் உடம்பிலேயே வழிகிறது.

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும். மல்மல் மதுரை மாதிரி காய்ந்த வெயிலுக்குச் சொர்க்கம். சென்னையில் காற்றே ஈரமாக இருக்கிறது, வேர்வை சீக்கிரம் காய்வதில்லை. நனைந்த மல்மல் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே வாயில் (voile) என்கிற துணிதான் என் தேர்வு. அம்மா, பாட்டி கட்டிய ஃபுல்வாயில் புடவை நினைவிருக்கும்; அதே துணிதான். அதன் நூலுக்கு முறுக்கு அதிகம். அதனால் மெல்லிசாக இருந்தாலும் சற்று மொரமொரவென்று உடம்பை விட்டு விலகி நிற்கும். அந்த இடைவெளியில் காற்று போய் வரும். ஜெய்ப்பூரின் சங்கானேர் அச்சு வாயில் துணியிலும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

"சுத்த மல்மல்" என்பதில் இரண்டு ஏமாற்று உண்டு. ஒன்று பாலியஸ்டர் கலந்தது. ஓரத்தில் நான்கு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கறுத்த மணியாகக் கெட்டிப்படும். இரண்டாவது ரேயான். இதுதான் விவகாரம், ஏனென்றால் அது மரக்கூழிலிருந்து வருவது. பருத்தி மாதிரியே எரியும். தீ காட்டிக் கொடுக்காது, எடை காட்டிக் கொடுக்கும். ரேயான் வழவழவென்று கீழ்நோக்கித் தொங்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும், கசக்கினால் குளுகுளுவென்று இருக்கும். ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும், ஆனால் நனைந்தால் வலு குறைந்துவிடும். நானே ஒருமுறை இருட்டிய பிறகு ஒரு மொத்தக் கடையில் மல்மல் என்று ஒரு கட்டு வாங்கி, காலையில் வெளிச்சத்தில் பார்த்து ரேயான் என்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து பகலில்தான் துணி எடுப்பது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கை அச்சு வேறு, கைத்தறி வேறு. கைத்தறி முத்திரை ஒட்டியிருந்தால் துணியைக் கையால் நெய்தார்கள் என்று அர்த்தம், அச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதேபோல, அருமையான கை அச்சுத் துணிகளில் பெரும்பங்கு விசைத்தறியில் நெய்த மல்மல் மேல் போட்டதுதான். அது குற்றம் இல்லை. இரண்டையும் கலந்து சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்பதுதான் குற்றம்.

சரி, அச்சுக்கு வருவோம்.

அச்சுக்கட்டை தேக்கிலோ ஷீஷம் மரத்திலோ செதுக்குவது. குஜராத்தில் காந்திநகர் பக்கம் உள்ள பேதாபூர் இந்தச் செதுக்கு வேலைக்குப் பேர்போனது. செதுக்கிய கட்டையை எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள், இல்லையென்றால் ஈரத்தில் வெடித்துவிடும். கட்டையின் உடம்பில் துளைகள் போட்டிருக்கும். காற்றும் மிச்சச் சாயமும் வெளியேற அந்த வழி. ஒரு டிசைனுக்கு ஒரு கட்டை போதாது. ரேக் கட்டை கோடு போடும், கத் கட்டை பின்னணியை நிரப்பும், தத்தா கட்டை இதழுக்குள் நிறம் வைக்கும். கோடு போடுபவர்தான் கைதேர்ந்தவர். அவர் கோணலாகப் போனால் பின்னால் நிறம் வைத்துக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் கோணலாகத்தான் போக வேண்டும்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குர்தாவுக்கு இரண்டரை மீட்டர் துணி, அகலம் 112 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டை பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். துணி முழுக்க ஒரு நிறம் வைக்க 280 தடவை கட்டையைச் சாயத்தில் ஒற்றி, இடம் பார்த்து வைத்து, மேலே கையால் குத்த வேண்டும். மூன்று நிறம் என்றால் 840 குத்து. துவைப்பது, காயவைப்பது, சாயத்தை நிறுத்துவது எல்லாம் தனி. இந்த 840ஐ மனதில் வைத்துக்கொண்டு விலைச்சீட்டைப் பாருங்கள். மெஷின் அச்சு ரேயான் குர்தாவின் விலையிலேயே "கை அச்சு" கிடைக்கிறது என்றால், யாரோ பொய் சொல்கிறார்கள், அல்லது யாரோ ஒருவருக்குக் கூலி போகவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலோர் சொல்லித்தரும் வழி பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. பின்னால் நிறம் இறங்கியிருந்தால் கை அச்சு என்பார்கள். தடித்த துணியில் இது ஓரளவு உதவும். டிஜிட்டல் அச்சு மேல் முகத்தோடு நின்றுவிடுவதால் பின்பக்கம் வெளுத்திருக்கும், அதைக் கழிக்கலாம். ஆனால் மல்மல் அவ்வளவு மெல்லிசு, ஸ்கிரீன் அச்சுகூடப் பின்னால் தெளிவாகவே தெரியும். ஆக மல்மலில் பின்பக்கத்தை நம்பிப் பயனில்லை.

நான் பார்ப்பது பிழையை. துணியில் ஒரு கோளாறைக் கண்டுபிடியுங்கள்: ஒரு இதழில் நிறம் வெளியே வழிந்திருக்கிறது, ஒரு இலையில் நிறம் பற்றவில்லை. அப்படியே துணியின் நீளத்தில் தேடிக்கொண்டு போங்கள். உருளை சுழன்று அச்சிடும் ரோட்டரி மெஷினில் ஓடிய துணியாக இருந்தால் அதே பூ, அதே கோளாறோடு, பெரும்பாலும் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். அந்த உருளையின் சுற்றளவு அது. கை அச்சில் ஒவ்வொரு குத்திலும் கோளாறு வேறு மாதிரி இருக்கும். சாயம் புதிதாக ஒற்றிய குத்து கனமாக, அடுத்தது சற்று வெளிறி. ஒரு விதிவிலக்கு: கட்டையின் முனையே உடைந்திருந்தால் அந்த உடைசல் எல்லாக் குத்திலும் வரும். ஆனால் அது ஒரு சாணுக்குள் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் கையால் பிடித்துக் குத்தும் கட்டை அதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு குறைவு. குத்தும் குத்தும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளியோ மேலேறலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளை ஒரு இடத்தில் லேசாகத் தட்டிப் போகும்.

இப்போது கெட்டிக்காரர்கள் அந்தத் தட்டலையும் வரைந்து ஸ்கிரீனில் ஏற்றிவிடுகிறார்கள். கைவேலையின் பிழைக்கே போலி! அதனால்தான் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒரே மாதிரித் திரும்ப வருகிறதா என்று பாருங்கள் என்கிறேன். இதற்கு நேர்மாறாக, கை அச்சு என்ற பெயரில் எல்லா அசிங்கத்தையும் மன்னிக்கவும் வேண்டாம். முன்பக்கத்து நடுவில் சாயம் சொட்டிய கறை கறைதான்.

ஜெய்ப்பூர் அச்சு என்று ஒரே பேராகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு ஊர் இருக்கிறது. சங்கானேர் இன்று ஜெய்ப்பூர் நகரோடு சேர்ந்துவிட்டது. விமான நிலையமே அங்கேதான். வெளுத்த வெள்ளைத் துணியில் மெல்லிய கோட்டில் சின்னச் சின்னப் பூ, கொடி, புட்டா. பக்ரு அஜ்மீர் சாலையில் முப்பது கிலோமீட்டர் போல் தள்ளி இருக்கிறது. அங்கே தரை வெள்ளையாக இருக்காது, சந்தன மஞ்சளாக இருக்கும். பூவும் தடிப்பு. இரண்டு ஊரிலும் அச்சுக்காரர்கள் சீப்பா சமூகத்தினர், இரண்டு அச்சுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

அந்த மஞ்சள் வேறொன்றுமில்லை, நம்ம கடுக்காய். துணியைக் கடுக்காய்க் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, புளியங்கொட்டைத் தூளால் கெட்டியாக்கி, அதைக் கட்டையில் ஒற்றிக் குத்தினால், கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்ட இடம் அப்படியே கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய எழுத்து மையும் இதே சங்கதிதான். சிவப்பு இன்னும் அழகு. படிகாரத்தை அச்சாக வைக்கும்போது சிவப்பே தெரியாது. பிறகு அண்டாவில் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தோடு கொதிக்க வைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும்பும். பக்ருவின் தாபு என்ற சேற்று அச்சு வேலையில் களிமண், சுண்ணாம்பு, பிசின், வண்டு அரித்த கோதுமையின் மாவு எல்லாம் குழைத்து அதை அச்சு வைப்பார்கள். மேலே மரத்தூள் தூவிக் காயவைத்து, அவுரி (இண்டிகோ) நீலத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். சேறு மூடிய இடம் மட்டும் நீலம் ஏறாமல் நிற்கும். முழுத் துணியும் தொட்டியில் முங்குவதால் நீலம் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஏறும். உங்கள் குர்தா நீலத்தில் வெள்ளைப் பூ என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

இயற்கைச் சாயம் என்று எழுதியிருந்தால் நிறத்தைப் பாருங்கள். அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, இரும்புக் கறுப்பு, கடுக்காய் அல்லது மாதுளைத் தோல் மஞ்சள், மஞ்சள் மேல் நீலம் ஏற்றிய பச்சை, அன்னபேதிச் சாம்பல். பெரும்பாலும் இவ்வளவுதான் குடும்பம். கண்ணைப் பறிக்கும் பிங்க், கிளிப்பச்சை, டர்க்காய்ஸ் இதில் கிடையாது. சங்கானேரில் இன்று பெரும்பாலான வேலை பிக்மென்ட், ரியாக்டிவ் மாதிரி ரசாயனச் சாயத்தில்தான் நடக்கிறது. கை அச்சு என்ற உரிமைக்கு அதனால் பங்கம் இல்லை. இயற்கைச் சாயம் என்று சொல்லாத வரை.

வடக்கத்திச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம், இதில் நம் கரைக்கும் பங்கு பெரிது. சின்ன வயதுப் பாவாடைக்குச் சீட்டித்துணி என்று சொல்வோமே, அந்தச் சீட்டியும் ஹிந்தியின் சீண்ட்டும் ஆங்கிலத்தின் சின்ட்ஸும் ஒரே சொல்லின் பிள்ளைகள். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய இந்தத் துணிக்கு ஐரோப்பா அப்படி மயங்கியது, உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது, 1759இல்தான் எடுத்தது. இங்கிலாந்து 1701இல் அச்சிட்ட பருத்தித் துணியின் இறக்குமதியை நிறுத்தி, போதாதென்று 1721இல் பெரும்பாலான அச்சுப் பருத்தியை உடுத்துவதையே தடுத்தது. அவர்களுக்கு அதிசயமாக இருந்தது பூ இல்லை, துவைத்தாலும் போகாத நிறம். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்குள்ள சாயக்காரர்களிடம் விசாரித்து, கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவதிலிருந்து ஒவ்வொரு படியையும் 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார். துவைத்தால் போகாது என்பதற்காகவே உலகம் வாங்கிய துணி இது. "கை அச்சு என்றால் போகத்தான் செய்யும்" என்று இன்று ஒரு கடைக்காரர் சொல்கிறார்.

தைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. துணியாக வாங்கினால் நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள், மல்மல் சுருங்கும். இறுக்கமாகத் தைக்க வேண்டாம். அக்குளிலும் தோளிலும் இழை விலகித் தையல் வாய் பிளக்கும். லைனிங் வேண்டுமென்றால் இன்னொரு வெள்ளை மல்மலையே வையுங்கள். பளபளக்கும் கிரேப் லைனிங் வைத்தால் மேலே பருத்தி போட்டதற்கே அர்த்தம் இல்லை.

துவைப்பதில் எல்லா வீட்டிலும் ஒரு வைத்தியம் உண்டு: கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும். நிற்காது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த துணியில் கிடையாது. எலுமிச்சை, வினிகர் இன்னும் மோசம். கடுக்காய்க் கறுப்பு புளிப்புக்குக் கரையும். அச்சுக்காரர்களே அந்தக் கறுப்பை அழிக்கப் புளிப்பைத்தான் பயன்படுத்துவார்கள். காரமான சோப்புத்தூளும் வேண்டாம். மென்மையான திரவ சோப்பு அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீர், நிழலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுவது, அவ்வளவே. முக்கியமாக ஊறப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். ஈரமாகச் சுருட்டி வைத்த துணியில்தான் ஒரு நிறம் இன்னொன்றில் ஏறும்.

இனி உங்கள் வாளி. அவுரி நீலம் தண்ணீரில் கரையாத பொருள். தொட்டியில் பிராணவாயு இல்லாத நிலையில் மட்டும் கரைந்து இழைக்குள் போகிறது. காற்றுப் பட்டதும் அங்கேயே மறுபடி கரையாத நீலமாகித் தங்கிவிடுகிறது. இழையோடு அதற்குப் பிணைப்பு இல்லை, வெறும் இருப்புதான். அதனால் மேலாக ஒட்டியிருந்த பொடி முதல் சில துவைப்பில் வரும், வந்தே தீரும். ரியாக்டிவ் சாயம் அப்படி இல்லை. சரியாக நிறுத்தினால் இழையோடு பிணைந்துவிடும். பிணையாமல் மிஞ்சியதைச் சுடுநீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். தண்ணீரும் விறகும் மிச்சம் பிடிக்கிற பட்டறை அந்த அலசலைத் தவிர்க்கிறது, அந்த வேலை உங்கள் வாளிக்கு வந்து சேர்கிறது.

எது என்று தெரிய, குர்தாவைத் தனியாக, ஊறவைக்காமல் மூன்று முறை குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரைப் பாருங்கள். காய்ந்த பிறகு வெள்ளைப் பூவைப் பாருங்கள். தண்ணீர் முறைக்கு முறை தெளிந்து, பூ வெள்ளையாகவே இருந்தால் அது பெரும்பாலும் அவுரி, நீங்கள் ஏமாறவில்லை. இன்னும் சில மாதம் வெள்ளைச் சோபாவில் மட்டும் சாய்ந்து உட்காராதீர்கள். மூன்றாவது தண்ணீரும் முதல் தண்ணீர் மாதிரியே இருந்து, வெள்ளைப் பூ நீலம் பாரித்திருந்தால் அலசாத சாயம். அந்தக் குர்தாவையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பூ எதனால் நீலமானது என்று அவரையே கேளுங்கள்.